உறைந்து நிற்கும் மென்பொருளை மூடுவதற்கு முன்: களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் பார்த்த இரண்டு கணினிகள்

கிழக்கிலங்கையில், களுவாஞ்சிகுடியில் ஓர் ஆசிரியையின் மடிக்கணினியிலும் கல்முனையில் ஒரு கொமினிகேசன் கடையின் மேசைக் கணினியிலும் அண்மையில் செய்த வேலையை இங்கே பதிந்து வைக்கிறேன். இரண்டிலும் முறைப்பாடு ஒன்றுதான்: மென்பொருள் நடுவில் உறைந்து நிற்கிறது, மூடவும் முடியவில்லை. முதலாவதில் அந்த மென்பொருளை மூடாமலே வேலை முடிந்தது. இரண்டாவதில் எந்த வழியாலும் மூட முடியாமல் இருந்ததே பழுது எங்கே என்பதைக் காட்டியது. உறைந்ததை எப்படி மூடுவது என்று என்னிடம் கேட்பவர்கள் பலர்; அது எதற்காகக் காத்து நிற்கிறது என்று முதலில் பார்ப்பவர்கள் மிகவும் குறைவு. அதைப் பார்க்கும் வசதி விண்டோஸிலேயே இருப்பதால், பார்க்கும் முறையைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஆசிரியையின் மடிக்கணினி. விண்டோஸ் 10, அதில் 32-பிட் ஒஃபிஸ் தொகுப்பு. தரம் 11 இரண்டாம் தவணைப் பரீட்சைக்கான வரலாறு வினாத்தாளைப் பாமினி எழுத்துருவில் அவர் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தபோது வேர்ட் நின்றுவிட்டது. தொலைபேசியில் அவர் சொன்னது இதுதான்: “தம்பி, ஸ்டக் ஆகி நிக்குது. வந்து ஓஃப் பண்ணிப் போடாதீங்க, கடைசி ரெண்டு பக்கமும் இன்னும் சேவ் பண்ணல்ல.” நான் போகும்வரை எதையும் தொடாமல் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன், அவரும் அப்படியே வைத்திருந்தார்.

தொடாமல் வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சாளரம் நிறம் வெளுத்து, தலைப்புப் பட்டையில் ஆவணத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘நொட் ரெஸ்பொண்டிங்’ என்று வந்தால், மென்பொருள் செத்துவிட்டது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். விசை அழுத்தம், சுட்டிச் சொடுக்கு, சாளரத்தைத் திரும்ப வரையும் கட்டளை ஆகிய எல்லாவற்றையும் விண்டோஸ் ஒரு வரிசையில் போட்டு மென்பொருளிடம் கொடுக்கிறது. மென்பொருள் அந்த வரிசையிலிருந்து ஒன்றையும் எடுக்காமல் 5 செக்கன் கடந்துவிட்டால், உண்மையான சாளரத்தை மறைத்து, அதன் கடைசித் தோற்றத்தைத் தாங்கிய பதிலிச் சாளரம் ஒன்றை விண்டோஸ் அதே இடத்தில் வைத்துவிடுகிறது. நாம் காணும் வெளுத்த சாளரம் அந்தப் பதிலிதான். அதை நகர்த்தலாம், சிறிதாக்கலாம். உள்ளே இருக்கும் ஆவணத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. தட்டச்சுச் செய்த பக்கங்கள் அப்போதும் நினைவகத்தில் முழுமையாக இருக்கின்றன. மூலையிலுள்ள மூடும் பொத்தானை அழுத்தும்போது வரும் பெட்டியில் மூடச் சம்மதித்தால்தான் அவை போகும். பதற்றத்தில் என்டர் விசையைத் தட்டிக்கொண்டிருப்பவர்கள் அந்தச் சம்மதத்தை அறியாமலே கொடுத்துவிடக்கூடும்.

முதல் வேலையாக எஸ்கேப் விசையை ஒரு தடவை அழுத்திவிட்டு, ஆல்ட், டேப் விசைகளால் திறந்திருக்கும் சாளரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வேர்டின் பின்னால் ஒரு கேள்விப் பெட்டி மறைந்து நின்றாலும், அதற்கு விடை கிடைக்கும்வரை பெரிய சாளரம் எந்தச் சொடுக்கையும் ஏற்காது. அப்படியான நேரத்தில் சொடுக்கினால் ‘டிங்’ என்று ஒலி மட்டும் வரும், ‘நொட் ரெஸ்பொண்டிங்’ என்று வராது. இங்கே அப்படி ஒரு பெட்டி இருக்கவில்லை.

அடுத்து கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்தேன். டேவ் பிளம்மர் எழுதிய இந்தக் கருவி 1996 ஆம் ஆண்டு விண்டோஸ் என்டி 4.0 உடன் வந்தது. வேறு எதுவும் அசையாத கணினியிலும் பெரும்பாலும் இது திறந்துகொள்ளும். அதற்காக நான் அதை மிகவும் மதிக்கிறேன். ஆனால் திறந்தவுடன் கை ‘எண்ட் டாஸ்க்’ பொத்தானுக்குப் போகக் கூடாது. உறைந்த மென்பொருளின் வரியில் இருக்கும் இலக்கங்களைச் சற்று நேரம் பார்க்க வேண்டும். சீபீயூ (செயலி) இலக்கம் உயர்ந்து நின்றால் அது ஏதோ கணக்கில் மூழ்கியிருக்கிறது. பெரிய எக்செல் தாளில் இப்படி ஆகும், விட்டுவைத்தால் பல தடவைகளில் தானாகவே மீண்டுவிடும். செயலியில் நான்கு மையங்கள் (கோர்) கொண்ட கணினியில் அந்த இலக்கம் 25 சதவீதத்தில் ஆடாமல் நீண்ட நேரம் நின்றால், மென்பொருளின் ஒரே இழை (ஒரு மையத்தில் ஓடும் வேலைத்தொடர்) முடிவில்லாத சுற்றில் மாட்டியிருக்கலாம். டிஸ்க் இலக்கம் ஓடிக்கொண்டிருந்தால் எதையோ வாசிக்கிறது அல்லது எழுதுகிறது. அந்த நேரத்தில் மூடினால் பாதி எழுதிய கோப்பு கெட்டுப்போக இடமுண்டு. எல்லா இலக்கமும் சுழியத்தில் கிடந்தால், அது வேறு எதனிடமிருந்தோ பதிலை எதிர்பார்த்து நிற்கிறது. ஆசிரியையின் வேர்ட் அப்படித்தான் நின்றது.

எதை எதிர்பார்த்து என்று பார்ப்பதற்கு முன், காப்பாக ஒன்று செய்துகொண்டேன். டீடெய்ல்ஸ் பக்கத்தில் வேர்டின் வரியை வலது சொடுக்கி ‘கிரியேட் டம்ப் ஃபைல்’ என்பதைக் கொடுத்தால், அந்த நேரத்தில் வேர்டின் நினைவகத்தில் உள்ளதெல்லாம் ஒரு கோப்பாக வன்தட்டில் எழுதப்படும். கோப்பு பெரிதாக இருக்கும், வேர்ட் கொண்டு அதைத் திறக்கவும் முடியாது. ஆனால் மைக்ரோசொப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ‘ஸ்ட்ரிங்ஸ்’ என்னும் சிறு கருவி, அத்தகைய கோப்பிலிருந்து வாசிக்கக்கூடிய எழுத்துத் தொடர்களை மட்டும் பிரித்தெடுத்துத் தரும். அந்தக் கருவி தேடுவது ஆங்கில எழுத்துகளை. பாமினியோ அடியில் ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளைக் கொண்டு, மேலே தமிழ் உருவத்தைக் காட்டும் எழுத்துரு. தமிழ்ப் புள்ளி வரும் இடங்களில் அடியில் இருப்பது அரைப்புள்ளி. ஆகவே பாமினியில் அடித்த பக்கங்கள் ஸ்ட்ரிங்ஸ் கருவிக்கு நன்றாக அகப்படும், தமிழுக்கெனத் தனிக் குறியீடுகள் கொண்ட யூனிகோட் தமிழ் அகப்படாது. யூனிகோடுக்கு மாறுங்கள் என்று எல்லா ஆசிரியர்களிடமும் நான் சொல்லி வருகிறேன், இனியும் சொல்வேன். இருந்தாலும் இந்த ஓர் இடத்தில் பழைய எழுத்துரு கை கொடுக்கிறது. பாமினி இல்லாத கணினியில் வினாத்தாளைத் திறந்துவிட்டு, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கண்டு கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடுபவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும்: எழுத்து எங்கும் போகவில்லை, எழுத்துருதான் இல்லை.

டம்ப் கோப்பைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, அதே வரியை மீண்டும் வலது சொடுக்கி ‘அனலைஸ் வெயிட் செயின்’ என்பதைத் திறந்தேன். எந்த மென்பொருள் எதற்காகக் காத்திருக்கிறது, அது வேறெதற்காகக் காத்திருக்கிறது என்ற சங்கிலியை ஒரு சிறு சாளரம் காட்டும். வேர்டுக்குக் கீழே ‘எஸ்பிஎல்வவ்64’ என்ற பெயர் இருந்தது. 64-பிட் விண்டோஸில் 32-பிட் மென்பொருள் ஒன்று பிரிண்டருடன் பேச வேண்டியிருக்கும்போது இடையில் நிற்கும் சிறு செய்நிரல் அது. அதாவது வேர்டுக்கு ஒரு கோளாறும் இல்லை. பிரிண்டர் பக்கத்திலிருந்து வரவேண்டிய பதில் வராமல் நின்றுகொண்டிருந்தது. வேர்டைத் தொடாமல், எஸ்பிஎல்வவ்64 இன் பெட்டியை மட்டும் தெரிவுசெய்து ‘எண்ட் புரொசஸ்’ கொடுத்தேன். சற்று நேரத்தில் வெளுப்பு நீங்கி, வேர்ட் சாளரம் பழைய நிறத்துக்கு வந்து, வினாத்தாளின் கடைசி வரிக்குப் பக்கத்தில் சுட்டுக்குறி துடிக்கத் தொடங்கியது. “ஐயோ, எல்லாம் இருக்கு தம்பி” என்றார் ஆசிரியை. முதலில் கொன்ட்ரோல், எஸ். பிறகு பென் டிரைவில் ஒரு பிரதி. வேறு எதையும் பேசுவதற்கு முன் இந்த இரண்டும் முடிந்தன.

இது திரும்பவும் வராமல் இருக்க வேண்டுமே. பிரிண்டர் பட்டியலைத் திறந்து பார்த்தபோது, இயல்புநிலைப் பிரிண்டராக (வேறொன்றைத் தெரிவுசெய்யாதபோது விண்டோஸ் எடுத்துக்கொள்வது) பாடசாலையின் வலையமைப்பில் இருக்கும் ஒன்று பதிந்திருந்தது. அதன் வரிசையில் பாடசாலையில் வைத்துக் கொடுத்து அச்சாகாமல் போன ஒரு வேலையும் தேங்கிக் கிடந்தது. வேர்ட் அச்சிடும்போது மட்டும் பிரிண்டரைத் தேடுவதில்லை. எந்த வரி எங்கே முடியும், பக்கம் எங்கே பிரியும் என்று அடுக்குவதற்கும் இயல்புநிலைப் பிரிண்டரிடம் தாள் அளவையும் ஓரங்களையும் கேட்கிறது. வீட்டில் அந்தப் பிரிண்டர் இல்லை; கேள்வி போகிறது, பதில் வருவதில்லை. பாடசாலையில் நன்றாக ஓடும் மடிக்கணினி வீட்டில் மட்டும் நிற்கிறது என்று ஆசிரியர்கள் சொன்னால், நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ‘நெட் ஸ்டொப் ஸ்பூலர்’ என்று கொடுத்து அச்சு வரிசைச் சேவையை நிறுத்தினேன். விண்டோஸ் அடைவுக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று போய், அங்கே கிடந்த கோப்புகளை மட்டும் அழித்தேன். அந்த அடைவை அழிக்கக் கூடாது. பின்பு ‘நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்’. அதன் பிறகு அமைப்புகளில், இயல்புநிலைப் பிரிண்டரை விண்டோஸே தெரிவுசெய்யும் வசதியை நிறுத்திவிட்டு, ‘மைக்ரோசொப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ என்பதை இயல்புநிலையாக வைத்தேன். அது கணினிக்குள்ளேயே இருப்பதால் எங்கே போனாலும் பதில் சொல்லும். பாடசாலையில் அச்சிடும்போது அங்குள்ள பிரிண்டரை அந்த நேரத்தில் தெரிவுசெய்துகொள்ளலாம். ஓரங்கள் வேறுபட்டால் பக்கப் பிரிவு சற்று நகரக்கூடும் என்பதால், அச்சிடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளும்படி சொன்னேன். வேர்டின் தானியங்கி மீட்புக் கோப்பு வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் எழுதப்படும். அதை 3 நிமிடமாகக் குறைத்தேன். இடையிடையே தாமே கையால் சேமிக்கும் பழக்கத்தை அது ஈடுசெய்யாது என்பதையும் அவருக்கு விளக்கினேன்.

சங்கிலியைப் பார்த்தும் பயனில்லை, மூடத்தான் வேண்டும் என்ற நிலையும் வரும். அப்போதும் மென்மையான வழியிலிருந்து கடுமையான வழிக்குப் போவதே முறை. கட்டளைச் சாளரத்தில் ‘டாஸ்க்கில்’ கட்டளையை வெறுமனே கொடுத்தால், அது மென்பொருளிடம் மூடிக்கொள்ளும்படி கேட்கும். சேமிக்கவா என்று திருப்பிக் கேட்கும் வாய்ப்பு மென்பொருளுக்கு இருக்கும். ‘எஃப்’ குறியைச் சேர்த்தால் கேள்வியே இல்லை, அந்த இடத்திலேயே முடித்துவிடும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: எத்தனை வேர்ட் ஆவணங்கள் திறந்திருந்தாலும் அவை பொதுவாக ஒரே செயல்முறைக்குள் (புரொசஸ்), அதாவது நினைவகத்தில் ஓடும் ஒரே வேர்டுக்குள்தான் இருக்கும். உறைந்தது ஒன்றுதானே என்று வேர்டை முடித்தால் மற்றவையும் கூடவே போய்விடும். குரோம் உலாவியில் நிலைமை இதற்கு மாறு. பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் ஒரு பக்கம் திறக்காமல் நிற்க, அதற்காக முழு உலாவியையும் மூடி, மற்றப் பக்கங்களில் பாதி நிரப்பிய விண்ணப்பங்களை இழப்பதைக் கடைகளில் பார்த்திருக்கிறேன். குரோமில் ஷிப்ட், எஸ்கேப் அழுத்தினால் அதற்கே உரிய டாஸ்க் மனேஜர் வரும்; நின்றுபோன பக்கத்தை மட்டும் முடிக்கலாம்.

இனிக் கல்முனைக் கணினி. விண்டோஸ் 10, 500 ஜிபி வன்தட்டு. விண்ணப்பப் படிவங்கள், கடவுச்சீட்டு அளவுப் படங்கள், ஸ்கேன் செய்த அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாம் அதில்தான். கடை உரிமையாளரான நானா (அண்ணன்) சொன்னார்: “எண்ட் டாஸ்க் குடுத்தாலும் போகுதில்ல தம்பி. ஓஃப் பண்ணி ஓன் பண்ணினா கொஞ்ச நேரம் ஓடும், மறுகா அப்பிடியே நிக்கிது.” எந்த மென்பொருள் என்று கேட்டேன். ஒரு நேரம் வேர்ட், ஒரு நேரம் படம் திருத்தும் மென்பொருள், ஒரு நேரம் குரோம் என்றார். மென்பொருள் மாறி மாறி நிற்கிறதென்றால் பழுதை எந்த ஒரு மென்பொருளுக்குள்ளும் தேடிப் பயனில்லை.

நான் பார்க்கும்போது நின்றது படம் திருத்தும் மென்பொருள். ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்ததும் சாளரம் திரையிலிருந்து மறைந்தது. டீடெய்ல்ஸ் பக்கத்தில் பெயர் அப்படியே இருந்தது. ‘எஃப்’ குறியுடன் டாஸ்க்கில் கொடுத்தும் பெயர் போகவில்லை. ஒரு செயல்முறை வன்தட்டிடம் தரவு கேட்டு, அந்தக் கேள்வி விண்டோஸின் உட்கருவில் (கேர்னல்) உள்ள இயக்கியிடம் (வன்பொருளுடன் பேசும் டிரைவர் நிரல்) போய்ச் சேர்ந்த பிறகு, அதற்குப் பதில் வரும்வரை அல்லது அந்தக் கேள்வி கைவிடப்படும்வரை செயல்முறையை முழுதாக முடித்துவிட முடியாது. முடிக்கும் கட்டளை காத்துக்கொண்டே இருக்கும். லினக்ஸிலும் இதே நிலை உண்டு. அங்கே 9 ஆம் இலக்கச் சமிக்ஞைகூட அத்தகைய செயல்முறையை அசைப்பதில்லை. எண்ட் டாஸ்க் தோற்றுப்போகும் இடத்தில் கடுமையான வேறொரு மூடும் கருவியைத் தேடி இறக்குவதை விட, வன்பொருளைப் பார்ப்பதே சரி.

பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் வன்தட்டின் செயற்பாட்டு நேரம் 100 சதவீதம். தரவு ஓடும் வேகமோ செக்கனுக்குச் சில கிலோபைட் மட்டுமே. சராசரிப் பதில் நேரம், நல்ல வன்தட்டில் சில பத்து மில்லிசெக்கனுக்குள் இருக்க வேண்டியது, ஆயிரங்களில் நின்றது. விண்டோஸ் எழுதிவைக்கும் நிகழ்வுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவேட்டைத் திறந்தபோது, ‘டிஸ்க்’ என்ற மூலத்திலிருந்து 7 ஆம் இலக்க நிகழ்வும் 153 ஆம் இலக்க நிகழ்வும் அடுக்கடுக்காக இருந்தன: முதலாவது கெட்ட பகுதியைக் குறிப்பது, இரண்டாவது வாசிப்பை மீண்டும் மீண்டும் முயன்றதைக் குறிப்பது. வன்தட்டின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற கருவி மஞ்சள் நிறத்தில் எச்சரித்தது. இடம்மாற்றப்பட்ட பகுதிகள், வாசிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள் இரண்டும் சுழியமாக இல்லை. கடல் காற்றுப் படும் கடைகளில், வன்தட்டைக் கணினியுடன் இணைக்கும் சாட்டா கேபிளின் தொடுமுனை கறுத்து இதே போன்ற தொல்லை தருவது உண்டு. அப்படியானால் பரிமாற்றப் பிழைகளை எண்ணும் சி7 என்ற வரியில் இலக்கம் ஏறியிருக்கும். இங்கே அது சுழியம். ஆகவே கேபிள் அல்ல, தட்டேதான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தையும் அந்தக் கணினி யூபிஎஸ் இல்லாமலே கடந்து வந்திருக்கிறது.

இந்த இடத்தில், தட்டின் பிழைகளைத் தேடித் திருத்தும் ‘செக் டிஸ்க்’ ஓடவிடலாமே என்று நானாவின் மகன் கேட்டார். வேண்டாம் என்றேன். கெட்டுக்கொண்டிருக்கும் தட்டை மேற்பரப்பு முழுவதும் வாசிக்கவைத்துத் திருத்த முயன்றால், அந்த உழைப்பிலேயே அது நின்றுவிடக்கூடும். முதலில் தரவைப் பிரதி எடுக்க வேண்டும், திருத்துவது பிரதியில்தான். வழமையான ஷட் டவுன் முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்ததால், மின் பொத்தானை 4 செக்கனுக்கு மேல் அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டியிருந்தது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்ய வேண்டியது அது.

பிறகு புதிய 500 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) ஒன்றைப் பொருத்தி, பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓடவிட்டு, ‘டிடிரெஸ்க்யூ’ கொண்டு பழைய தட்டைப் புதியதுக்குப் பிரதி எடுத்தேன். இலகுவாக வாசிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளைக் கடைசிக்கு வைக்கும் கருவி இது. எங்கே நின்றது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொள்வதால், இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தக் கோப்பை மூன்றாவது ஒரு சேமிப்பகத்தில் வைக்க வேண்டும். மூலம் எது, இலக்கு எது என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் வெறும் எஸ்எஸ்டி நல்ல தரவின் மேல் எழுதப்பட்டுவிடும். இரண்டும் 500 ஜிபி என்பதால் அளவை வைத்து அடையாளம் காண முடியாது. தட்டுகளின் மேல் ஒட்டியிருந்த தொடர் இலக்கங்களைத் தாளில் எழுதி வைத்து, திரையில் வந்த தொடர் இலக்கங்களுடன் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்ட பிறகே கட்டளையைக் கொடுத்தேன். முதற் சுற்றில், கெட்ட இடங்களைத் துண்டு துண்டாகச் சுரண்டி எடுக்கும் கட்டத்தைத் தவிர்த்தேன். பெரும்பகுதி அதிலேயே வந்துவிட்டது. எஞ்சியதை இரவு முழுவதும் திரும்ப முயல விட்டேன்.

பழைய தட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியிலிருந்து விண்டோஸைத் திறந்து, செக் டிஸ்க்கை அதன் மேல் ஓடவிட்டேன். வாசிக்க முடியாத பகுதிகளில் விழுந்தவை பெரும்பாலும் குரோமின் தற்காலிகக் கோப்புகள். ஸ்கேன் செய்த படிவங்கள் சிலவும் அவற்றில் இருந்தன. அவற்றின் பெயர்களை எழுதி நானாவிடம் கொடுத்தேன், உரியவர்கள் வரும்போது மீண்டும் ஸ்கேன் செய்துகொள்ளலாம். படம் திருத்தும் மென்பொருளும் வேர்டும் குரோமும் ஒன்றாகத் திறந்திருக்க, பதில் நேரம் ஒற்றை இலக்க மில்லிசெக்கனில் நிற்கிறது.

பழைய தட்டை மேலதிகப் பிரதி வைக்கப் பாவிக்கலாமா என்று அவர் கேட்டார். கெட்ட பகுதிகள் தோன்றத் தொடங்கிய தட்டில் எதையும் நம்பி வைக்க வேண்டாம் என்றும், ஊராரின் அடையாள அட்டைப் பிரதிகள் அதில் இருப்பதால் பழைய இரும்புக்காரருக்கு அப்படியே கொடுத்துவிடவும் கூடாது என்றும் சொன்னேன். விடுபட்ட படிவங்கள் திரும்பக் கிடைத்த பிறகு, அந்தத் தட்டைத் துளையிட்டு அழித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.